போன இடம்

“பாதி அலமாரி போதுமா உன் தம்பிக்கு? பத்தலைன்னா சொல்லு, சைக்கிளையே வித்துடறேன்.”

கணவர் சிரிக்காமல்தான் சொன்னார். அவள்தான் பதறினாள். “அதெல்லாம் வேண்டாங்க. இதுவே பெரிய உபகாரம்.”

மறுநாள் காலை தம்பி மருத்துவமனையிலிருந்து நேராக இந்த வீட்டுக்கு வருகிறான். மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவனுக்கு விரிப்பு, மருந்து, மாற்றுத்துணி என்று வைக்க இடம் வேண்டும். ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்ற விடாத மனிதர், தம் சைக்கிள் சாமான்களுக்கென்றே வைத்திருந்த அலமாரியில் பாதியைத் தாமாகவே விட்டுக்கொடுத்திருந்தார்.

தம்பி கைபேசி பழுதுபார்ப்பவன். எள்ளளவு திருகாணியை ஒரே மூச்சில் பொருத்திவிடுவான். இப்போது அவன் கையில் கரண்டி நிற்பதில்லை. அக்காவை “நர்ஸம்மா” என்று கூப்பிடுகிறான்.

சைக்கிளில் வேலைக்குப் போனவன், ஈரச் சாலையில் வழுக்கி, நடைபாதை விளிம்பில் தலை மோத விழுந்தான். “ஹெல்மெட் போட்டிருந்துமா இப்படி ஆச்சு?” என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். அந்த வெள்ளை ஹெல்மெட் கணவருடையது. “கீறல்கூட இல்ல, போட்டுக்கடா” என்று அவரே அவன் தலையில் மாட்டிவிட்டிருந்தார்.

“தன் தலையில இருந்தத எடுத்துக் குடுத்தார். விதி வேற மாதிரி எழுதியிருந்தா அவர் என்ன பண்ணுவார்?” என்றுதான் பார்க்க வந்த உறவினர் எல்லோரும் சொன்னார்கள்.

கணவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அலமாரிக் கதவின் உட்புறத்தில் அவர் கைப்பட எழுதிய பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும்: பொருள், வாங்கிய நாள், நிலை, போன இடம் என்று நான்கு கட்டங்கள். ‘போன இடம்: குப்பை’ என்று பதிவாகாமல் ஒரு கிழிந்த கையுறைகூட அந்த வீட்டைவிட்டுப் போனதில்லை.

“நீ படி. நான் சரிபார்த்துப் பெட்டியில வைக்கறேன்” என்று தரையில் உட்கார்ந்தார்.

“கையுறை, ரெண்டு ஜோடி.”

“இருக்கு.”

“பஞ்சு வெச்ச டிரவுசர், மூணு.”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு கொடியில. வெயில்லயா போட்டே?”

“நிழல்லதாங்க போட்டேன். உங்க டிரவுசருக்கு இருக்கற யோகம் எனக்கில்ல.”

“வெயில் பட்டா துணி சீக்கிரம் போயிடும். அடுத்தது?”

“மழைக்கோட்டு, ஒண்ணு. நிலை: முதுகில் சேற்றுக் கறை, போகவில்லை. இதையெல்லாமா எழுதுவாங்க?”

“உள்ளத உள்ளபடி எழுதணும். அதுக்குத்தானே பட்டியல்.”

மேல்தட்டுக்கு ஏற்றுவதற்காகப் புதிய சிவப்பு ஹெல்மெட்டை எடுத்தாள். அது கதவில் லேசாக உரசியது.

“பாத்து, பாத்து. அது ஒரு அடி வாங்கினா அவ்வளவுதான். மேல ஒண்ணும் தெரியாது, உள்ள உசிர் போயிருக்கும். அப்புறம் குப்பைக்குத்தான்.”

இரு கையாலும் ஏந்தி மேலே வைத்தாள். இப்படிப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறவர் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தாரே என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேங்க.”

“அது இருக்கட்டும். டேப்ப மறக்காம எடுத்துட்டு வா.”

பாதி அலமாரிக்கேற்ற புதிய பட்டியல் தயாராயிற்று. அதை அவளிடம் நீட்டியபோது வழக்கமான பாடமும் கூடவே வந்தது: “பழசை உரிச்சுட்டு ஒட்டு. தாள் மேல தாள் ஒட்டினா என்னிக்கும் கோணல்தான்.”

பழைய பட்டியலின் தலைப்பில் இருந்த தேதியை அவள் அப்போதுதான் கவனித்தாள். தம்பிக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாள். அன்று மருத்துவமனையிலிருந்து பாதியில் வீட்டுக்குப் போனவர் உட்கார்ந்து இதைத்தான் எழுதியிருக்கிறார். துக்கத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

நான்கு மூலையிலும் நகத்தை விட்டு டேப்பைக் கிளப்பினாள். தாள் கையோடு வந்தது. அதன் கீழே இன்னொரு தாள் இருந்தது.

“உரிச்சாச்சா?”

“உரிச்சேன். கீழ இன்னொண்ணு இருக்கே.”

பெட்டி மூடும் சத்தம் நின்றது.

“அது பழசு. விட்டுடு. அதுமேலயே ஒட்டு.”

அவள் ஒட்டவில்லை. அதே கையெழுத்து, அதே நான்கு கட்டங்கள். கையுறை, டிரவுசர், மழைக்கோட்டு எல்லாம் அதே வரிசையில் இருந்தன. அவற்றுக்கு அடுத்து, மேல்தாளில் இல்லாத ஒரு வரி.

அதன்மேல் விரலை வைத்து, இதுவரை படித்த அதே குரலில் படித்தாள்.

“வெள்ளை ஹெல்மெட், ஒண்ணு. நிலை: கீழே விழுந்தேன், உள்ளே விரிசல், இனி அணியக் கூடாது.”

அவள் விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

“போன இடம்: மைத்துனன்.”