ஹைபிரிட் வாங்க வந்த மகராசன்

பெட்ரோல் விலை இறங்கியதிலிருந்து ஷோரூமில் பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

"இன்னிக்கு ஒண்ணாவது விக்கலைன்னா நாளைக்கு வராதே" என்று புது விற்பனையாளனிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

தெய்வம் போல வந்தார் ஒரு காண்ட்ராக்டர்.

"ஹைபிரிட் ஒண்ணு குடுப்பா."

"ஓட்டிப் பாக்கறீங்களா சார்?"

"எதுக்கு? பில்லைப் போடு."

அவனுக்குக் கண் கலங்கியது. "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்க் காத்தே சுத்தமாயிடும் சார்."

"அட, நீ வேற! ஒரு ஹைபிரிட் வித்தாத்தான் ஒரு பெரிய டீசல் வண்டியை விக்கலாம்னு புகைச் சட்டம் வந்திருக்காமே. அதான் நான் புக் பண்ண டீசல் வண்டியைத் தராம வச்சிருக்கார் உங்க முதலாளி."

அவன் பில் புத்தகத்தை எடுத்தான். வேலை முக்கியம்.

"ஹைபிரிட் என்ன கலர் சார்?"

"கறுப்பு. டீசலுக்குப் பின்னாடிதானே நிக்கப்போகுது? புகை படிஞ்சா தெரியாது."