தலைவர் தொட்டால் திறக்காத இணைப்பு

முதலாவதாக, எங்கள் இறைச்சி ஆலையை மூடினார்கள். இரண்டாவதாக, ஆலைச் சங்கைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்து, அதைப் பார்க்க எங்களுக்கே டிக்கெட் போட்டார்கள். மூன்றாவதாக, நாங்கள் பந்தாடிய திடலில் கார்களை நிறுத்தினார்கள். நான்காவதாக, ஓய்வுபெற்ற தொழிலாளர்களான எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே சங்கக் கூடத்தையும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்க நகராட்சி முடிவெடுத்தது. ஐந்தாவதாக, எதிர்ப்பைக் காகிதத்தில் வாங்க மாட்டோம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில்தான் பதிய வேண்டும் என்றது.

ஆறாவதாக, அந்த இணைப்பைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை.

"இன்னொரு தடவை அழுத்துங்க," என்றான் எங்களோடு ஆலையில் வேலை பார்த்த மில்ட்டன்.

தலைவர் வில்மார் ஃபெரெய்ரா நாற்பது தடவை அழுத்தினார். முப்பத்தேழு வருடம் நகராட்சிக்கு எதிராகத் தன் கையாலேயே மனு எழுதியவர். இதையும் தானே பதிவேன் என்று வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கூடத்துக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தைக் கீழே இறக்கலாம் என்று கம்ப்யூட்டர் எலியின் சக்கரத்தை உருட்டினார். பக்கம் இறங்கவில்லை. எழுத்துதான் வீங்கியது. ஒரு எழுத்து ஒரு மாடு அளவுக்கு வந்து திரையை அடைத்துக்கொண்டது. திருப்பி உருட்டினார். எறும்பாகச் சுருங்கியது.

"பாத்தியா? கிழவனுங்க படிக்கக்கூடாதுன்னே பண்றானுங்க!"

திரையின் உச்சியில் வரிசையாக முளைத்திருந்த பட்டைகளில் ஒன்றை மில்ட்டன் காட்டினான். அதைத் தொட்டதும் படிவம் வந்தது! வில்மார் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். படிவம் மூடிக்கொண்டது. இன்னொரு படிவம், இன்னொரு 'டபிள்யூ'. அதுவும் மூடிக்கொண்டது.

"யோவ் வில்மார், உம்ம பேரைக் கண்டாலே கதவைச் சாத்துறானே!" என்றேன் நான்.

"கறுப்புப் பட்டியல்ல வச்சிருக்கான்யா," என்றார் வில்மார், கொஞ்சம் பெருமையாக.

கடைசியில் கணக்கர் சுல்மாவைக் கூப்பிட்டோம். வில்மார் எழுந்து இடம் விட்டார், வெந்நீர் தெர்மோஸையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மாத்தே மூலிகைத் தேநீர் குடிக்க வெந்நீர் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டோம்.

சுல்மா ஒரே ஒரு தடவை அழுத்தினாள். படிவம் திறந்தது.

"வருதே தோழர்?"

"நகரும்மா. தலைவர்தான் பதியணும்."

அவர் தெர்மோஸை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரும்பவும் மாடு, எறும்பு, மூடல்.

வில்மார் மெதுவாகத் திரும்பினார். "அவ தொட்டா திறக்குது. நாம தொட்டா மூடுது. ஏம்மா சுல்மா, அந்தக் காலத்துல நீ முதலாளி ஆபீஸ்ல டைப் அடிச்சவதானே?"

"ஆமா. உங்க எல்லாரோட வேலைநீக்கக் கடிதத்தையும் நான்தான் அடிச்சேன். என்னோடதையும் சேர்த்து."

"உன் தங்கச்சி மகன் இப்ப நகராட்சியில."

"தோட்டக்காரன், தோழர். ரோஜாவுக்குத் தண்ணி விடுறான்."

"எங்கிருந்து எப்படிக் குழாய் போகுதுன்னு யாருக்குத் தெரியும்!"

உடனே விசாரணை என்று முடிவானது. சங்க விதிப்படி குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே இருக்க வேண்டும். சுல்மாவைக் கம்ப்யூட்டர் அறையிலேயே விட்டுவிட்டு நாங்கள் மூவரும் பெரிய கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

விசாரணை ஐம்பது நிமிடம் நடந்தது. அதில் நாற்பது நிமிடம், தீர்ப்பில் 'சதி' என்று எழுதுவதா, 'துரோகம்' என்று எழுதுவதா என்பதிலேயே போனது. 'சங்கக் கூடம் பறிபோகக் காரணமானவர் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார்' என்று எழுதி முடித்தோம். மூன்று கைகள் உயர்ந்தன. ஒன்று என்னுடையது.

காரணமானவரின் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும், அதுவும் விதி. ட்ரூக்கோ சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரை, சீட்டும் கையுமாக, சாட்சிக்கு இழுத்துவந்தோம்.

"முதல்ல சதியை நேர்ல பாருங்க," என்று வில்மார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம்தான். சொடுக்கினார். ஒன்றுமில்லை. உருட்டினார். மாடு.

"பாத்தீங்களா?"

"தொண்டை வறளுது," என்று மில்ட்டன் தெர்மோஸை எடுத்துத் தன் மாத்தேக் குவளையில் ஊற்றினான். அந்த நேரம் பார்த்து வில்மார் இன்னொரு தடவை அழுத்த, படிவம் பளிச்சென்று திறந்தது.

மில்ட்டன் தெர்மோஸை இருந்த இடத்திலேயே வைத்தான். வில்மார் பெயரைத் தட்டினார். மூடிக்கொண்டது.

எடுத்தான். வைத்தான். எடுத்தான்.

விசைப்பலகையின் இடது மூலையில், ஒரு லிட்டர் தெர்மோஸின் அடியில், தலைவர் உட்கார்ந்தபோதெல்லாம் நசுங்கிக் கிடந்தது ஒரு விசை. 'கன்ட்ரோல்' என்று போட்டிருந்தது; அது அழுந்தியிருக்கும்போது உருட்டினால் எழுத்து வீங்கும், 'டபிள்யூ' தட்டினால் பக்கம் மூடும்.

வில்மார் கடைசியாக ஒரு தடவை அழுத்தினார். 'கால அவகாசம் முடிந்தது' என்று வந்தது.

சீட்டாட்டக்காரர்களில் ஒருவர் கேட்டார்: "அப்ப கூடம் போச்சா?"

வில்மார் எழுந்தார். முகம் சாம்பலாகியிருந்தது. ஆனாலும் முதுகு வளையவில்லை. தீர்ப்பு எழுதிய நோட்டைக் கையில் எடுத்தார்.

"விதி விதிதான். காரணமானவன் பேரை வாசிக்கணும்." கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி துடைத்தார். "எனக்கு எழுத்து தெரியல. சுல்மா, நீயே படிம்மா."

சுல்மா நோட்டை வாங்கி மூடி வைத்தாள். அச்சுப்பொறியில் கிடந்த ஒரு தாளை எடுத்தாள்.

"வெளிய இருன்னு சொன்னீங்க. வெளிய கம்ப்யூட்டர் சும்மா இருந்துச்சு."

சாட்சிகள் நால்வருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாள்:

"நேரம் நாலு இருபது. சங்கக் கூடத்தைக் கைமாற்றுவதற்கு எதிர்ப்பு பெறப்பட்டது. விசாரணை முடியும்வரை கூடத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. எதிர்ப்பைப் பதிந்தவர்: தலைவர் வில்மார் ஃபெரெய்ரா."