பாதிச் சம்பளம்

பாரிஸில் மழை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் வரும் மூன்றாவது டிசம்பர். அமைச்சக அறையின் கணப்பில் கரி கனன்றுகொண்டிருக்கிறது; அதை வெட்டியவர்கள் தன் நாட்டு ஆட்கள்தான் என்று ராடெமாகருக்குத் தெரியும். பிரெஞ்சுச் சுரங்கங்களில் வேலைபார்க்கும் ஜெர்மானியர்கள் சம்பளத்தில் பாதியையாவது வீட்டுக்கு அனுப்ப அனுமதி வேண்டும். அதைப் பேசி வாங்கத்தான் வந்திருக்கிறார். எதிரே பிரெஞ்சு அதிகாரி வசேர், முன்னாலிருக்கும் தாளை உள்ளங்கையால் மூடியபடி, நீளமாக ஏதோ பேசி முடிக்கிறார். நடுவில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன் சுருக்கமாகச் சொல்கிறான்: “கால் பங்குக்கு மேல முடியாதாம்.” ராடெமாகரின் புருவம் ஏறுகிறது. “அவ்வளவு நேரம் பேசினாரு, இவ்வளவுதானா?” “மிச்சமெல்லாம் அவரோட பல்வலியப் பத்திங்க ஐயா.” வசேர் கன்னத்தைத் தடவிக்கொள்கிறார். மழை கண்ணாடியில் வழிகிறது. இந்தப் பயல் எதையோ முழுங்குகிறான் என்று ராடெமாகருக்குப் படுகிறது. அவன் வாயையே முறைத்தபடி, தன் உதவியாளர் லோத்தரின் காதருகே குனிகிறார்.

“இவன் நம்மள ஏமாத்துறான்யா. வெறுங்கையோட ஊருக்குப் போனா சுரங்க ஆளுங்களோட பொண்டாட்டிங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. கடைசியா மூணுல ஒரு பங்குன்னாலும் ஒத்துக்குவோம். மூச்சு விட்டுடாத.” மொழிபெயர்ப்பாளன் இன்னும் வாய் திறக்கவில்லை. வசேரின் கை தாளைவிட்டு நகர்ந்து ரப்பரைத் தேடுகிறது. தாளில் அவர் முன்பே பென்சிலால் எழுதிவைத்திருந்த 1/2 ஒரு கணம் தெரிகிறது. அவர் அதை நிதானமாக அழிக்கிறார், தூளை ஊதுகிறார், அதே இடத்தில் 1/3 என்று எழுதுகிறார். பிறகு ராடெமாகரை நிமிர்ந்து பார்த்து, சுத்தமான ஜெர்மன் மொழியில் சொல்கிறார்:

“பல்வலி நெஜம்தாங்க.”