தடை கேட்டு வந்தவள்

“உங்க யுனிவர்சிட்டிக்கு நீயே தடை கேக்கறியா? வேடிக்கையா இருக்கேம்மா!”

விளையாட்டு வாரியத்தின் விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரே இருந்தவளை உற்றுப் பார்த்தார். பெண்கள் வாலிபால் அணியின் கேப்டன். தடை போடாதீர்கள் என்று கெஞ்ச வந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தார்.

“ஆமா மேடம். ரெண்டு வருஷமாவது போடுங்க.”

“இது உனக்குக் கடைசி வருஷம். நானும் ஒரு காலத்துல ஓடினவதான், அதோட அருமை எனக்குத் தெரியும். தடை வந்தா நீ ஆடவே முடியாது.”

“பரவால்ல மேடம்.”

“அந்தக் கோச்சைத்தான் போலீஸ் பிடிச்சிட்டுப் போயாச்சே. அவர் குடும்பம் வெளியில தலைகாட்ட முடியலையாம். இன்னும் என்ன வேணும்?”

கேப்டன் ஒரு கணம் தரையைப் பார்த்தாள்.

“அவர் அடிச்சதைக் கோர்ட் பாத்துக்கும். அதை மறைச்ச யுனிவர்சிட்டிக்காரங்களை யார் கேக்கறது? அவர் அறைஞ்சதுல ஒரு பொண்ணுக்குக் காதே கேக்காமப் போச்சு. பந்து பட்டுச்சுன்னு சொல்லுன்னு அவளை ரூம்ல உக்கார வெச்சு மிரட்டினாங்க. கோப்பை வருதேன்னு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாங்க மேடம்!”

“அதுக்காகத் தப்பே செய்யாத பிள்ளைங்க விளையாட்டும் சேர்ந்து போகணுமா?”

“எல்லார்கிட்டயும் பேசிட்டுத்தான் வந்தேன். காது போனவளே சொன்னா, ‘நாம ஆடலைன்னாப் போகுது, அடுத்து வர்றவ அடி வாங்கக் கூடாது’ன்னு. கோப்பை போனாத்தான் அவங்களுக்கு உறைக்கும்.”

எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றுதான் குழுவில் பேசி வைத்திருந்தார்கள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“சரி. தடை போடணும்னு நான் சொல்றேன். குழுவையும் ஒத்துக்க வைக்கிறேன்.”

கேப்டன் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

“இரும்மா. ஒண்ணு மட்டும் என் மண்டையைக் குடையுது. போன வருஷமே ஒரு பொண்ணு உங்க யுனிவர்சிட்டியில அவரைப் பத்திப் புகார் சொல்லியிருக்கா. அப்பவே விசாரிச்சிருந்தா இந்தப் பொண்ணோட காது தப்பிச்சிருக்கும். அவ யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அவ பேச்சை ஏன் நம்பலை?”

“அது நான்தான் மேடம்” என்றாள் கேப்டன். “‘பெத்த அப்பாவைப் பத்தியே புகார் சொல்றியே, வீட்டுச் சண்டையை வீட்டோட வெச்சுக்கோம்மா’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”