ஒன்பது நாவல்களும் ஒரு கையெழுத்தும்

"அச்சுக்குப் போறதுக்கு முந்தி உண்மையை ஒத்துக்கிடுங்க சார்," என்றார் ஞானசிகாமணி. "ஒன்பது நாவலும் நீங்க எழுதினதுதானே?"

பஞ்சாபகேசன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எண்பத்தெட்டு வயதில் இப்படியொரு குற்றச்சாட்டு வரும் என்று அவருடைய ஜாதகத்தில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேராசிரியர் ஞானசிகாமணி கெட்ட மனிதர் இல்லை. பஞ்சாபகேசனின் மனைவி பர்வதத்தின் நாவல்களை ஒரே தொகுப்பாகக் கொண்டுவர, நாகர்கோவிலிலிருந்து வலியசாலையிலிருக்கும் இந்த வீட்டுக்கு பஸ் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்தவர். தொகுப்பின் முன்னுரை இப்போது அவர் மடியில் இருந்தது.

முன்னுரையின் சாரம் இதுதான். பெண்டாட்டி பெயரில் கதை எழுதிய ஆண்கள் அந்தக் காலத்தில் உண்டு. பர்வதம் என்பதும் அப்படி ஒரு புனைபெயர்.

சாட்சி, கையெழுத்துப் பிரதிகள். எல்லாம் முதல் எழுத்திலிருந்து 'முற்றும்' வரை பஞ்சாபகேசனின் முத்துமுத்தான கையெழுத்து.

"அவ சொல்லுவா, நான் எழுதிப்பேன். அவ்வளவேயாக்கும்," என்றார் பஞ்சாபகேசன்.

நிஜமும் அவ்வளவுதான். பர்வதத்துக்கு உட்கார்ந்து எழுத வராது. காய் நறுக்கும்போதும் தோசை வார்க்கும்போதும்தான் கதை வரும். இவர் ஆபீஸிலிருந்து வந்து கைகால் அலம்பிக்கொண்டு, அட்டையும் பேனாவுமாக அடுக்களை வாசலில் உட்காருவார். அவள் சொல்வாள். பிடிக்காவிட்டால் "அடிச்சுடுங்கோ" என்பாள். நாலைந்து வரி ஆனதும் "படியுங்கோ" என்பாள். கதையின் நடுவில் தோசை கருகினால், கருகினது இவர் தட்டுக்கு வரும். இலக்கியத்துக்கு அவர் செய்த தியாகம் என்றால் அது ஒன்றுதான்.

"பணிவு சார் உங்களுக்கு," என்றார் பேராசிரியர்.

மறுக்க மறுக்க அவர் பார்வையில் பஞ்சாபகேசன் உயர்ந்துகொண்டே போனார். இன்னும் இரண்டு தடவை மறுத்தால் சிலை வைத்துவிடுவார் போலிருந்தது.

பர்வதத்தையே கேட்கலாம் என்றால், அவள் ஜன்னலோரம் நாற்காலியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளும் பேரும் அவளுக்கு மறந்துபோய் வெகுநாளாயிற்று. ஆரம்பத்தில் தினமும் காலையில் காப்பி கொண்டுவருகிறவரைப் பார்த்து "நீங்க ஆரு?" என்று கேட்பாள். இவர் ஏதாவது வேடிக்கையாகப் பதில் சொல்லிவிட்டு, எழுந்து கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்துவார். பிறகு பேச்சே நின்றுபோனது. அவள் எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விசிறிக்கொள்வாள்.

"ஒரு கடலாஸ் தாங்கோ," என்றார் பஞ்சாபகேசன். "உங்க முன்னாடியே நானா ஒண்ணு எழுதறேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்கோ."

ஞானசிகாமணி பையிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார்.

கணக்குத் தணிக்கை ஆபீஸில் காலமெல்லாம் குறிப்பு எழுதின கை. யோசித்து யோசித்து மூன்று வரி எழுதி, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"ஒரு வயோதிகப் பெண்மணி ஜன்னல் அருகே அமர்ந்திருந்தாள். மேற்படி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்தது. மேற்படி மழையை மேற்படி பெண்மணி கவனித்து வந்தாள்."

வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு பெருமையும் இருந்தது. இதைவிட மோசமாக எழுத இன்னொருத்தர் பிறந்துதான் வர வேண்டும்.

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா பேரைக் காப்பாத்த வேணும்னே கெடுத்து எழுதுதீங்க, இல்லியா? இப்படிக் கெடுக்க ஒரு மேதையாலதான் சார் முடியும்."

பஞ்சாபகேசனுக்கு அதற்கு மேல் வேடிக்கை வரவில்லை.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்கென்று அவர் வாங்கிக் கொடுத்தது அதிகமில்லை. அந்தப் பெயர் அவளே சம்பாதித்தது. அதுவும் இப்போது இவர் கையெழுத்தாலேயே போகப்போகிறது.

"அடிச்சுடுங்கோ."

யார் பேசினது என்று இருவருக்கும் புரியவில்லை.

பர்வதம் மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் அடுக்களையிலிருந்து வருகிற பழைய குரல்.

பஞ்சாபகேசனின் கை தன்பாட்டுக்கு மூன்று வரியையும் அடித்தது.

"தினமும் ஒரு கிழவர் வந்து அவள் பக்கத்தில் உட்காருவார்," என்றாள் பர்வதம். பேனா ஓடி நிற்கும்வரை காத்திருந்தாள். "அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது."

பேனா நின்றது.

"அவர் வந்து உட்கார்ந்தால்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்."

பேராசிரியர் எட்டித் தாளைப் பார்த்தார்.

"யாரென்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார். அதனால் அவள் வாயைத் திறப்பதே இல்லை."

பஞ்சாபகேசன் எழுதி முடித்தார். முத்துமுத்தான அந்தக் கையெழுத்து கடைசி வரியில் கோணிக்கொண்டு போயிருந்தது.

"படியுங்கோ."

ஒன்பது நாவல்களையும் ஒரு இடத்தில்கூட இடறாமல் படித்துக் காட்டிய மனிதர். நாலு வரிக்கு வாய் திறக்கவில்லை. தாளைப் பேராசிரியர் பக்கம் நீட்டினார்.

ஞானசிகாமணி எழுந்து நின்று படித்தார். வகுப்பில் படிக்கிற குரலில்லை அது.

பர்வதம் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள்.

"நன்னாருக்கு," என்றாள். "ஆரு எழுதினது?"

பஞ்சாபகேசன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ," என்றார். "முன்னுரை எழுதறது நீங்கதானே."