கொலொம்பார் என்று ஒரு பெயர்

"ஆறு மாசமாச்சு மேடம். ஒரு பொண்ணுகூடப் பதில் போடல" என்றான் ரிக்கார்டோ கொலொம்பார்.

புடாபெஸ்ட்டில், இணையத்தில் ஜோடி சேர்க்கும் அந்த நிறுவனத்தில் புகார் கேட்பவள் ஈல்டிகோ. பக்கத்து மேசையில் இருந்த முதலாளி அவள் கணவன். இருவரும் அங்கேயே பதிவுசெய்து ஜோடி சேர்ந்தவர்கள் என்பதுதான் கடைக்கு விளம்பரம்.

"எங்க கம்ப்யூட்டருக்கு இனம், நிறம் எதுவும் தெரியாதுங்க."

"பேர் தெரியுதே! கொலொம்பார்னா ஜிப்சின்னு ஊருக்கே தெரியும். சந்தையிலகூடச் சரக்கைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வேண்டாம்பாங்க. இங்க மூட்டையையே பிரிக்க விடலையே!"

முதலாளி சிரித்தான். "கொவாச்னு, ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற ஹங்கேரிப் பேரா மாத்திப் போடுப்பா. நாளைக்கே பத்துப் பேர் வருவாங்க."

"வருவாங்க சார். அப்புறம் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிட முடியாதே!"

ஈல்டிகோ தலை நிமிரவில்லை. "புகாரைப் பதிஞ்சுட்டேன். நீங்க கிளம்பலாம்."

முதலாளிக்குப் போன் வந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கினான்.

ரிக்கார்டோ மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அம்மாவுக்கு இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உன்னையேதான் கேட்டுட்டிருக்காங்க."

முதலாளி போனை வைத்தான்.

"அடுத்தவங்க வரலாம்" என்றாள் ஈல்டிகோ, சத்தமாக.