தட்டிப் பார்த்த மரம்

வெட்டுவதற்கு முன் மரத்தைத் தட்டிப் பார்ப்பது மாரப்பனின் வழக்கம். உள்ளே பொந்து இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அன்று கோடாலியின் பின்புறத்தால் இரண்டு தட்டு தட்டினான். மரம் திருப்பித் தட்டியது.

"அந்தப் பக்கம் நின்னு வெளாடாதடா, பெரியாண்டி!" என்று கூட வேலைக்கு வந்தவனை அதட்டினான்.

"நான் ஒங்க பின்னாலதாண்ணே நிக்கேன்."

மறுபடி தட்டினான். இம்முறை மேலேயிருந்து கடகடவென்று பதில் உருண்டு வந்தது. அடிமரத்தில் ஊன்றியிருந்த அவன் உள்ளங்கை அதிர்ந்தது. அண்ணாந்தான். பொந்திலிருந்து சிவந்த கொண்டையொன்று வெளியே நீண்டது.

"மரங்கொத்திண்ணே," என்றான் பெரியாண்டி, குரல் எழும்பாமல்.

காட்டிலேயே காலம் தள்ளியும் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்த மாரப்பன், அதன் முகத்தை அன்றுதான் பார்த்தான். கதவைத் திறந்து யாரென்று கேட்பதுபோல் அது தலையைச் சாய்த்தது.

மாரப்பன் கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.